பேய்ப் பாலங்கள்: கதைக்கு அடியில் கிடக்கும் இரும்பு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரை ஒட்டி, டே ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து ஒரு ரயில் பாலம் போகிறது. அதற்குப் பக்கத்திலேயே, தண்ணீருக்குச் சற்று மேலே தலை நீட்டியபடி, மொட்டைக் கற்கட்டுகள் வரிசையாக நிற்கின்றன. 1879 டிசம்பர் 28 இரவு விழுந்த பழைய பாலத்தின் அடித்தூண்கள் அவை. ஆண்டுதோறும் அதே நாளில், விளக்கு எரியும் ரயில் ஒன்று இப்போது இல்லாத அந்தப் பாலத்தில் ஏறி நடு ஆற்றில் மறைந்துபோகும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

இப்படிக் கதை உள்ள பாலங்கள் உலகெங்கும் இருக்கின்றன. ‘பேய் உலாவும் பத்துப் பாலங்கள்’ என்ற பட்டியல் அவ்வப்போது கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மூழ்கிய விபத்தும், பிறந்ததற்கே சான்று இல்லாத ஒரு பெண்ணின் சாவும் அந்தப் பட்டியல்களில் அடுத்தடுத்த வரியில், ஒரே குரலில் வரும். படிப்பவருக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்றே தெரிவதில்லை. நடந்ததும்கூட ஏன் நடந்தது என்பது சுத்தமாகக் காணாமல் போய்விடுகிறது.

கதைகளில் மூன்று வகை

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. ஒரு கதை எந்தச் சாவிலிருந்து கிளம்பியது என்று கேட்டால் அதைவிட அதிகம் தெரியவரும். அப்படிப் பார்த்தால் பேய்ப் பாலங்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

1. விபத்துக் கதை. தேதி, இறந்தோர் கணக்கு, விசாரணை அறிக்கை எல்லாம் உள்ள நிஜ விபத்து. பேய் பின்னால் வந்து சேர்ந்தது.

2. பலிக் கதை. பாலம் நிற்க வேண்டும் என்பதற்காக ஆளைப் புதைத்தார்கள் என்பது. சாவுக்கு ஆவணம் இருக்காது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு.

3. ஒட்டுக் கதை. வேறெங்கோ கேட்டதை, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பாலத்தின்மேல் கொண்டுவந்து ஒட்டியது.

முதல் வகையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கதையையும் விசாரணை அறிக்கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது தங்கியது, எது உதிர்ந்தது என்று பார்க்க முடியும்.

டே பாலம் விழுமுன் போட்ட சத்தம்

டே பாலம் 1878 ஜூனில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். வடிவமைத்தவர் தாமஸ் பௌச். மறு ஆண்டு கோடையில் விக்டோரியா ராணி அதன் வழியே பயணம் செய்தார். பௌச்சுக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், புயல் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழேகால் மணி வாக்கில் ரயில் பாலத்துக்குள் நுழைந்தது. தெற்குக் கரை சிக்னல் அறையில் சிக்னல்மேனோடு இருந்த நண்பர் ஒருவர் அதன் பின்விளக்குகள் சிறுத்துக்கொண்டே போவதையும், தீப்பொறி பறப்பதையும், பிறகு எல்லாம் ஒரேயடியாக இருண்டதையும் பார்த்தார். பாலத்தின் நடுப்பகுதியில் இருந்த 13 கர்டர்களும், அதாவது தூணுக்குத் தூண் தாவும் இரும்புச் சட்டக்கூடுகளும், ரயிலோடு ஆற்றில் போயின. ஒருவரும் பிழைக்கவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு வந்த விதமே மனத்தைப் பிசைகிறது. பாலத்துக்கு முந்தைய நிலையத்தில் பயணிகளிடமிருந்து டிக்கெட்டுகளை வாங்கி வைத்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளை எண்ணித்தான் 75 பேர் என்றார்கள். பெயர் விவரத்தோடு உறுதியானவர்கள் சுமார் 60 பேர்.

கதை இங்கே நின்றுவிடுகிறது: புயல், ரயில், இருட்டு. அறிக்கையோ இங்கிருந்துதான் தொடங்குகிறது. அது சொல்வதைச் சுருக்கினால்:

1. நடுப்பகுதிக்கு ‘உயரக் கர்டர்கள்’ என்று பெயர். கப்பல்களின் பாய்மரம் இடிக்காமல் போக வேண்டும் என்பதற்காக, மற்ற இடங்களில் கர்டரின் தலைமேல் ஓடிய தண்டவாளம் இங்கே கர்டர் கூண்டுக்குள் ஓடியது. உயரம் கூடியது, காற்று மோதும் பரப்பும் கூடியது.

2. பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கென்று பௌச் தனியாக எந்த அளவும் ஒதுக்கவில்லை.

3. தூண்கள் வார்ப்பிரும்புக் குழாய்கள். அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகள், தூணோடு சேர்த்தே வார்த்த காதுகளில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தன. பின்னால் சோதித்தபோது அந்தக் காதுகள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த சுமையிலேயே முறிந்தன.

4. வார்ப்பில் விழுந்த ஓட்டைகளைத் தேன்மெழுகு, இரும்புத்தூள் முதலியவற்றைக் குழைத்த ஒரு பசையால் அடைத்து, மேலே தேய்த்து, நல்ல இரும்புபோல் காட்டியிருந்தார்கள்.

பேய்க் கதைகளைத் தேடிப் போகிறவர்கள் கண்ணில் படாத ஒரு சின்ன விஷயமும் இதே விசாரணையில் வெளிவந்தது. பாலத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர் ஹென்றி நோபிள். அவருக்குச் செங்கல் வேலை தெரியும். இரும்பு வேலையில் அனுபவம் கிடையாது. ஒருநாள் ஆற்றில் இருந்தபடி மேலே கவனித்தபோது, குறுக்குக் கம்பிகள் காற்றில் கடகடவென்று ஆடும் சத்தம் அவருக்குக் கேட்டது. ஏறிப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகள் தளர்ந்திருந்தன. அவர் என்ன செய்தார்? இரும்புத் துண்டுகளை வாங்கி இடுக்குகளில் செருகினார். சத்தம் நின்றது. பௌச்சிடம் சொல்லவில்லை. கம்பி ஏற்கெனவே நீண்டுபோன நிலையிலேயே அதை முடுக்கி நிறுத்தியதாக ஆயிற்று. பெயின்ட் அடித்தவர்களும், ரயில் போகும்போது பாலம் பக்கவாட்டில் ஆடியதைத் தாங்கள் உணர்ந்ததாக விசாரணையில் சொன்னார்கள்.

அரசுத் தரப்பில் பாலத்தைச் சோதித்து அனுமதி தந்த அதிகாரி ஹட்சின்சன், பலத்த காற்றில் ரயில் ஓடுவதை அடுத்த முறை வரும்போது பார்க்க விரும்புவதாகத் தன் அறிக்கையில் எழுதியிருந்தார். அந்த வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை.

ஆக, டே பாலத்தில் அமானுஷ்யமான ஓசை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அந்தக் கடகடப்பைத்தான் சொல்ல வேண்டும். அது விபத்துக்குப் பிறகு கேட்டதில்லை, முன்னாலேயே கேட்டது. பாலம் மோசமாக வடிவமைக்கப்பட்டது, மோசமாகக் கட்டப்பட்டது, மோசமாகப் பராமரிக்கப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. 1880 அக்டோபரில் பௌச் இறந்துபோனார். ஸ்காட்லாந்தின் இன்னொரு ஆறான ஃபோர்த்துக்கு அவர் போட்டிருந்த பால வடிவமைப்பு கைவிடப்பட்டது. 1890-இல் அங்கே எழுந்த பாலம் ஒரு சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் தாங்கும்படி கணக்கிடப்பட்டது. அதன் தடித்த குழாய்க் கால்களைப் படத்தில் பார்ப்பவர்களுக்கு ‘இவ்வளவு இரும்பு எதற்கு’ என்று தோன்றும். டே விபத்துக்கு அடுத்த தலைமுறைப் பாலம் என்பது தெரிந்தால் தோன்றாது.

சில்வர் பாலம்: முன்னறிவிப்பே இல்லாத விபத்து

டே பாலம் முன்கூட்டியே சத்தம் போட்டது. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றின்மேல் இருந்த சில்வர் பாலம் எந்தச் சத்தமும் போடவில்லை. பேய்க் கதை ஏன் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்ட் ஊரை எதிர்க்கரையான ஒஹையோ மாநிலத்தோடு இணைத்த அந்தப் பாலம் 1928-இல் கட்டப்பட்டது. அலுமினியப் பெயின்ட் அடித்ததால் சில்வர் பாலம் என்று பெயர். 1967 டிசம்பர் 15 மாலை ஐந்து மணி வாக்கில், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கையில், வண்டிகள் வரிசையாக நின்ற நேரத்தில், ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் முழுப் பாலமும் சரிந்தது. 46 பேர் இறந்தார்கள். இருவரின் உடல் கிடைக்கவேயில்லை.

அதற்குப் பதின்மூன்று மாதம் முன்பு, 1966 நவம்பரில், அந்த ஊருக்கு வெளியே பழைய வெடிமருந்துத் தொழிற்சாலைப் பகுதியில், சிவந்த கண்ணும் பெரிய இறக்கையும் கொண்ட ஆள் உயர உருவம் ஒன்றைக் கண்டதாக இரண்டு இளம் தம்பதியர் சொன்னார்கள். பத்திரிகைகள் அதற்கு ‘மோத்மேன்’ என்று பெயர் வைத்தன. பிறகு பலரும் பார்த்ததாகச் சொன்னார்கள். பெரிய கொக்கு வகைப் பறவையாக இருக்கலாம் என்று ஒரு வனவிலங்கு ஆய்வாளர் கருத்துச் சொன்னார். பாலம் விழுந்ததும் கதை மாறியது: அது எச்சரிக்க வந்தது என்றனர் சிலர், அழிவைக் கொண்டுவந்தது என்றனர் வேறு சிலர். அதே ஊரில் 1777-இல் கொல்லப்பட்ட ஷானீ பழங்குடித் தலைவர் கார்ன்ஸ்டாக்கின் சாபம் என்று மூன்றாவது அடுக்கும் ஏறியது.

விசாரணை காட்டிய காரணம் மிகச் சிறியது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிய வேண்டும். சாதாரணத் தொங்குபாலத்தில் ஆயிரக்கணக்கான மெல்லிய கம்பிகளைச் சேர்த்த வடம் இருக்கும். சில்வர் பாலத்தில் வடம் இல்லை. சைக்கிள் செயின்போல ஒரு சங்கிலி இருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு துண்டும் இரு முனையிலும் கண்துளை உள்ள நீண்ட எஃகுப் பட்டை. இதற்கு ‘ஐபார்’ என்று பெயர். கண்துளைகளில் ஊசி போன்ற தடித்த உருளையைச் செருகி அடுத்தடுத்த பட்டைகளைக் கோப்பார்கள்.

1. பழைய சங்கிலிப் பாலங்களில் ஒரு கண்ணிக்கு நாலைந்து பட்டைகளாவது போடுவார்கள். இங்கே உறுதி மிக்க எஃகை நம்பி இரண்டே பட்டைகள் போட்டார்கள். ஒன்று முறிந்தால் மற்றது தனியாகத் தாங்க வழியில்லை.

2. ஒஹையோ பக்கத்தில் ஒரு பட்டையின் கண்துளைக்குள் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழத்தில் விரிசல் இருந்தது. துருவும் இழுவிசையும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளில் உண்டாக்கியது அது. பாலம் கட்டிய காலத்தில், பாலத்து எஃகில் இப்படி விரிசல் வளரும் என்பதே தெரியாது.

3. விரிசல் இருந்த இடம் இணைப்பின் உட்புறம். அதைப் பார்க்க வேண்டுமானால் பாலத்தையே பிரித்திருக்க வேண்டும்.

4. 1928-இல் ஓடிய கார்கள் சின்னவை. 1967-க்குள் கார்களின் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. லாரிகளின் எடை அதைவிட வேகமாக ஏறியிருந்தது.

மூன்றாவது புள்ளியை இன்னொரு முறை படிக்கலாம். எந்த ஆய்வாளர் வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது. எந்தச் சத்தமும் யாருக்கும் கேட்டிருக்காது. நாற்பத்தாறு பேர் எந்த அறிகுறியும் இல்லாமல் செத்தார்கள் என்பதை ஒரு ஊர் எப்படி ஏற்றுக்கொள்ளும்? இல்லாத அறிகுறியைக் கதை பின்னோக்கிப் போய் உண்டாக்கித் தந்தது. சிவந்த கண்ணுள்ள பறவைமனிதன் முன்கூட்டியே வந்து நின்றிருந்தால், குறைந்தபட்சம் யாரோ சொல்லிப் பார்த்தார்கள் என்றாவது இருக்குமே.

விளைவு இரண்டு திசையில் போனது. அமெரிக்கா முழுவதும் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்ற தேசிய விதிமுறை 1971-இல் வந்தது. ஆற்றின் மேல்பகுதியில் இதே வடிவில் இருந்த செயின்ட் மேரிஸ் பாலம் மூடப்பட்டு, அதே ஆண்டு இடிக்கப்பட்டது. பாயின்ட் பிளசன்ட்டில் இன்று ஆண்டுதோறும் மோத்மேன் திருவிழா நடக்கிறது. பளபளக்கும் உலோகச் சிலையும் உண்டு. 2.5 மில்லிமீட்டர் விரிசலுக்குச் சிலை வைப்பது கஷ்டம்தான்.

கியூபெக்: பேய்க்குப் பதில் ஒரு மோதிரம்

எல்லா விபத்தும் பேயைப் பெறுவதில்லை. கனடாவின் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி இரும்புத் தொழிலாளர்கள். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியவர்கள், கூடிய எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. கீழ்ச் சட்டங்கள் வளைவதைத் தளப் பொறியாளர்கள் அளந்து பார்த்தே இருந்தார்கள். நியூயார்க்கில் இருந்த ஆலோசகர் தியோடர் கூப்பரிடம் ஆள் நேரில் போய்ச் சொன்னார். இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அடித்தார். அது பாலத்தடிக்குப் போகாமல், தயாரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது. அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் பாலம் போய்விட்டது.

இங்கே பிறந்த கதை வேறு மாதிரி. கனடாவில் பட்டம் பெறும் பொறியாளர்கள் சுண்டுவிரலில் போட்டுக்கொள்ளும் இரும்பு மோதிரம், விழுந்த பாலத்தின் இரும்பில் செய்தது என்பார்கள். அது உண்மையில்லை, மோதிரச் சடங்கு தொடங்கியது 1925-இல், பாலத்தின் எஃகுக்கும் மோதிரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்தப் பொய்க்கதை ஒரு காரியத்தைச் செய்கிறது. விபத்தின் காரணத்தை, தவறு செய்யக்கூடிய கையிலேயே மாட்டிவைக்கிறது. கானவாகே பெண்கள் இன்னும் நேரடியாக ஒரு முடிவெடுத்தார்கள்: ஊரின் ஆண்கள் எல்லாரும் இனி ஒரே பாலத்தில் வேலைக்குப் போகக் கூடாது.

தூணுக்கு அடியில் ஆள்

இரண்டாம் வகைக்கு வருவோம். கிரேக்கத்தின் ஆர்ட்டா பாலத்தைப் பற்றிய நாட்டுப் பாடலில் 45 கொத்தனார்களும் 60 சிற்றாட்களும் பகலெல்லாம் கட்டுகிறார்கள்; இரவில் இடிந்து விழுகிறது. தலைமைக் கொத்தனாரின் மனைவியை உள்ளே வைத்துக் கட்டிய பிறகுதான் நிற்கிறது. ஜப்பானில் இதற்கு ‘ஹிதோபஷிரா’, அதாவது மனிதத் தூண், என்று தனிப் பெயரே உண்டு. மாட்சுயே நகரின் பெரிய பாலத்தில் நடுத்தூண் நிற்காமல் புதைந்துகொண்டே போனதாம். கென்சுகே என்பவரை அடியில் புதைத்தார்களாம். அந்தத் தூணுக்கு அவர் பெயரே வந்து, நிலவில்லா இரவுகளில் அதைச் சுற்றிச் சிவப்பு நெருப்பு அலைவதாகவும் சொன்னார்கள்.

இந்தக் கதைகளில் பாலம் இரவில் இடிகிறது, நடுத்தூண் புதைகிறது. இதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஓடும் தண்ணீர் தூணில் முட்டிக் கீழ்நோக்கித் திரும்பிச் சுழலும். அந்தச் சுழல் தூணின் அடி மணலைத் தோண்டும். நீரோட்டம் வேகமாக உள்ள நடு ஆற்றில் பள்ளம் ஆழமாக விழும். வெள்ளம் வடிந்ததும் மணல் திரும்ப வந்து பள்ளத்தை மூடிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஆற்றுப்படுகை பழையபடிதான் தெரியும், தூண் மட்டும் இறங்கியிருக்கும். நேற்று நின்றது இன்று இல்லை என்றால், ஆறு பலி கேட்கிறது என்று தோன்றாமல் என்ன செய்யும்?

இந்த அரிப்பு பழங்காலச் சங்கதியும் இல்லை. 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கொஹாரி ஓடைப் பாலம் இதனால்தான் விழுந்து 10 பேர் இறந்தார்கள். 2001 மார்ச்சில் போர்ச்சுகலின் டூரோ ஆற்றில் ஒரு பழைய பாலம் சரிந்து 59 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகளாக ஆற்றில் மணல் அள்ளியது தூணின் அடியைப் பலவீனப்படுத்தியிருந்தது. அமைச்சர் ஒருவர் பதவி விலகினார்.

பலிக் கதைக்கு இன்னொரு முகம் உண்டு. மாட்சுயேயில் 1890-களின் தொடக்கத்தில் புதுப் பாலம் கட்டியபோது, அங்கே ஆசிரியராக இருந்த லாஃப்காடியோ ஹெர்ன் நடந்ததைப் பதிவு செய்தார். பழைய பாணிக் குடுமி வைத்த கிராமத்து ஆட்களில் ஒருவரைப் பலி கொடுக்கப் போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியதாம். கிழவர்கள் நூற்றுக்கணக்கில் குடுமியை வெட்டிக்கொண்டார்கள். திறப்பு நாளில் பாலத்தைக் கடக்கும் ஆயிரமாவது ஆளைப் பிடிக்கப் போலீசுக்கு உத்தரவு என்று அடுத்த வதந்தி வந்தது. வழக்கமாகத் திருவிழாவுக்குத் திரளும் விவசாயிகள் அந்த ஆண்டு நகருக்கே வரவில்லை.

படிக்கும்போது சிரிப்பு வரலாம். 2019 ஜூலையில் வங்கதேசத்தில் நடந்ததைப் படித்தால் வராது. பத்மா ஆற்றுப் பாலத்துக்கு மனிதத் தலைகள் வேண்டும், அதற்காகப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று சமூக ஊடகத்தில் பரவிய வதந்தியால், சந்தேகத்தின் பேரில் எட்டுப் பேரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர்களில் ஒருவர் தன் குழந்தையைச் சேர்ப்பதற்காகப் பள்ளியில் விசாரிக்கப் போன தாய். கொல்லப்பட்ட எவரும் பிள்ளை பிடித்தவர் இல்லை என்று போலீஸ் சொன்னது. அந்தப் பாலத்தை உண்மையில் நிறுத்திவைத்திருப்பது, ஆற்றின் கடும் அரிப்பைக் கணக்கிட்டு 120 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு அடித்து இறக்கிய எஃகுக் குழாய்த் தூண்கள். 2022 ஜூனில் பாலம் திறக்கப்பட்டது.

ஒட்டுக் கதைகள்

மூன்றாம் வகையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்டோ என்ற ஊரில் 1844-இல் கட்டிய சிறிய மரப்பாலம் ‘எமிலி பாலம்’ என்று பெயர் பெற்றது. காதலன் வராததால் அங்கே உயிரை விட்ட எமிலி, வண்டிகளைக் கீறுகிறாள் என்பது கதை. அப்படி ஒரு பெண் அங்கே இறந்ததற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. அந்தப் பாலத்துக்குக் கூரையும் பக்கச் சுவரும் உண்டு. மரச்சட்டங்கள் மழையில் ஊறி உளுத்துப்போகாமல் இருக்கவே அப்படிக் கட்டுவார்கள். அதனால் உள்ளே பகலிலும் இருட்டு, பலகை முனகல். கதை வந்து குடியேற இது போதும்.

வர்ஜீனியாவின் ‘பன்னிமேன் பாலம்’ இன்னும் சுவையான வழக்கு. 1904-இல் மனநல விடுதியிலிருந்து தப்பியவன் முயல்களையும் பிறகு மனிதர்களையும் கொன்று பாலத்தில் தொங்கவிட்டான் என்பார்கள். அந்த மாவட்ட நூலகத்தின் வரலாற்றாய்வாளர் பிரையன் கான்லி ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார். அங்கே மனநல விடுதியே இருந்ததில்லை, கொலையும் இல்லை. கிடைத்தது 1970 அக்டோபரில் நடந்த இரண்டு சம்பவங்கள்: முயல் வேடம் போட்ட ஒருவன் ஒரு காரின் கண்ணாடி உடையக் கைக்கோடரி வீசினான், சில நாள் கழித்து, புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுத் திண்ணைத் தூணைக் கோடரியால் வெட்டினான். யாரும் சாகவில்லை, ஆளும் பிடிபடவில்லை. மூன்றே ஆண்டில், 1973-இல், ஒரு கல்லூரி மாணவி திரட்டியபோது இந்தக் கதை 54 வடிவங்களில் உலவிக்கொண்டிருந்தது.

இரவில் கேட்பது எது?

கதை எங்கிருந்து வந்தாலும், பாலத்தில் இரவில் நின்றவர்கள் எதையோ கேட்டதாகச் சொல்வது பெரும்பாலும் பொய்யாக இருக்காது.

எஃகு சூட்டில் நீளும். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் 100 மீட்டர் எஃகு சுமார் 24 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்கு இடம் கொடுக்கத்தான் பாலத்தின் முனைகளில் பேரிங்கும் (பாலத்தைத் தாங்கியபடியே நகரவிடும் அடித்தாங்கி) இடைவெளி இணைப்பும் வைப்பார்கள். துருவும் தூசியும் ஏறிய பேரிங் சீராக நகராது. பிடித்துக்கொண்டே இருந்து திடீரென்று விடும். நள்ளிரவில் யாரும் இல்லாத பாலத்தில் ‘டொம்’ என்று கேட்பதற்கு இது ஒன்றே போதும். இரவில் ஆற்றின் மேல் குளிர்ந்த காற்று அடியிலும் சூடான காற்று மேலேயும் படியும்போது, ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். எதிர்க்கரையில் ஒரு குழந்தை அழுதால் காலடியில் அழுவதுபோல் கேட்கும்.

பிறகு கூகை. பாலத்து அடிப் பொந்துகளில் கூடு கட்டும். முகமும் வயிறும் வெளுப்பு. பறக்கும்போது சிறகுச் சத்தமே வராது. கத்தினால் பெண் அலறுவதுபோல் இருக்கும். வெள்ளை உடுத்திய பெண் பேய்க் கதைகளில் பாதியை இந்தப் பறவையின் கணக்கில் எழுதலாம் என்பது என் அனுமானம்.

ஸ்காட்லாந்தின் ஓவர்டன் பாலத்தில் நாய்கள் குதிக்கும் புதிரையும் இங்கேயே சொல்லிவிடலாம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் திண்ணிய கருங்கல். நாயின் உயரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் 15 மீட்டர் பள்ளம் இருப்பது தெரியாது. கீழே திரியும் மிங்க் என்ற கீரி போன்ற விலங்கின் வாடைதான் இழுக்கிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் ஒருவர் விளக்கினார். உள்ளூரில் இதை ஏற்காதவர்களும் உண்டு. வாடை எதுவானாலும், சுவர் பள்ளத்தை மறைக்கிறது என்ற பகுதி வலுவாகவே நிற்கிறது.

கதையே ஆளைக் கொல்லும் இடம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் போஸ்டியன் பாலத்திலிருந்து 1891 ஆகஸ்ட் 27 அதிகாலை ஒரு ரயில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே தேதியில் அதே நேரத்தில் பேய் ரயில் வரும் என்பது கதை. 2010 ஆகஸ்ட் 27 அதிகாலை, அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு குழு பாலத்தின்மேல் போய் நின்றது. ரயில் வந்தது. நிஜ ரயில். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓர் இளைஞர் அடிபட்டு இறந்தார்.

கென்டக்கியின் போப் லிக் பாலத்தில் ஆட்டுத்தலை மனிதன் ஒருவன் ஆட்களைத் தண்டவாளத்துக்கு இழுத்துக் கொல்கிறான் என்பார்கள். அவனைத் தேடி ஏறியவர்களில் 2016-இல் ஒருவரும் 2019-இல் ஒருவரும் ரயில் மோதி இறந்தார்கள். அதற்கு முன்பும் சாவுகள் உண்டு. பாலம் கைவிடப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. நீளம் சுமார் 235 மீட்டர், உயரம் 27 மீட்டர், ஒதுங்க இடம் கிடையாது. ஸ்லீப்பர் கட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தால் கடக்க நாலு நிமிடமாவது ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயிலுக்கு அந்தத் தூரம் 17 வினாடி.

‘இந்தப் பாலம் ஆளைக் கூப்பிடும்’ என்ற வகைக் கதையும் இதே வரிசையில் சேரும். சாவு விதிக்கப்பட்டது, தடுத்துப் பயனில்லை என்பது அதன் உட்பொருள். சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. 1937 முதல் 1971 வரை சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பற்றி 1978-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் ஏறத்தாழ 94 சதவீதம் பேர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள் அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். அந்தப் பாலத்தின் இருபுறமும் வலை கட்டும் வேலை 2024 ஜனவரியில் முடிந்தது.

ஒரு கதை கைக்கு வந்தால்

1. இறந்தவரின் பெயரும் தேதியும் இருக்கிறதா? ‘ஒரு மணப்பெண்’, ‘ஒரு தாய்’ என்று மட்டும் இருந்தால் ஒட்டுக் கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

2. அந்தத் தேதியின் செய்தித்தாளில் சாவு இருக்கிறதா? பாலம் விழுந்தால் பத்திரிகை எழுதாமல் இருக்காது.

3. விசாரணை நடந்ததா? நடந்திருந்தால் பேயை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். பயம் குறையாது, கூடும்.

4. பாலத்தில் இன்னும் ரயிலோ வண்டியோ ஓடுகிறதா? ஓடினால் கீழிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டே ஆற்றில் மிச்சம்

டே பாலத்தோடு விழுந்த எஞ்சினை மறு ஆண்டு ஆற்றிலிருந்து தூக்கினார்கள். பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள். ரயில்வே ஆட்கள் அதற்கு ‘முக்குளிப்பான்’ என்று பொருள்படும் பட்டப்பெயர் வைத்தார்கள். 1919 வரை அது ஓடியது. 1887-இல் திறந்த புதுப் பாலத்தை அகலமாகவும் கனமாகவும் கட்டினார்கள். இரும்புக்குச் செலவாகுமே என்று, பழைய பாலத்தில் விழாமல் நின்ற பகுதிகளின் கர்டர்களைக் கழற்றிப் புதுத் தூண்கள்மேல் ஏற்றினார்கள். டண்டீக்குப் போகும் ரயில்கள் இன்றைக்கும் அவற்றின் மேல்தான் ஓடுகின்றன.